கைராசியாம் கைராசி!

தமிழ்ல எனக்குப் பிடிக்காத வார்த்தைகள்னு ஒரு பட்டியல் போட்டா, முதல் இடம் 'கைராசி'க்குத்தான். கெட்ட வார்த்தை எல்லாம் அதுக்கு அப்புறம்.

காரணம் இருக்கு. தை மாசத்துல இருந்து எங்க தெரு மன்றத்து கேரம் போர்டுல அடியேன் கொடிதான் பறக்குது. 22 ஆட்டம், 19 வெற்றி. தற்பெருமைன்னு சொல்றீங்களா? சொல்லிக்கோங்க. 46 வயசுல மனுசனுக்குப் பெருமைப்பட வேற என்ன இருக்கு, சர்க்கரை ரிப்போர்ட்டா? நான் வெளியூர் போய் கோப்பை வாங்கிட்டு வரல. தறியை விட்டு எழுந்து, கை கால் கழுவி, ஒரு டீ குடிச்சிட்டு, எட்டு மணிக்குப் போய் உக்கார்ற ஒரு பலகையில ஜெயிக்கிறேன். அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவுக்கே ஊர் முழுக்க ஒரே விளக்கம் வச்சிருக்கு: "ணா, உனக்கு இப்ப கைராசி ணா."

டீக்கடையில ஒரு மாமா இருக்கார், பஞ்சாங்கம் பாக்கத் தெரிஞ்சவர். என் ராசிநாதன் எங்கயோ உச்சத்துல ஏறி உக்காந்திருக்கானாம். ஐப்பசி வரைக்கும் எனக்குத் தோல்வியே கிடையாதாம். (நடுவுல மூணு ஆட்டம் தோத்தேனே மாமான்னு கேட்டேன். அது சந்திராஷ்டமமாம். ஆளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு.) பைக் மெக்கானிக் தம்பி ஒருத்தன், "அந்த ஊதாச் சட்டையை மட்டும் மாத்திடாதணா"ன்றான். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மொளகா சுத்திப் போடறாங்க. இதெல்லாம் போதாதுன்னு போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் போர்டுக்கு மேல தொங்கற பல்பு ஒயர்லயே எலுமிச்சம்பழமும் பச்சமொளகாயும் கோத்துக் கட்டி விட்டிருக்கான்.

எல்லாரும் அன்பாத்தான் செய்யறாங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன்.

போன வருசம் பூரா நான் தோத்துக்கிட்டு இருந்தேன். அப்ப யாராவது "ணா, உனக்கு ராசி இல்ல"ன்னு சொன்னாங்களா? இல்ல. "பெருசுக்குக் கண்ணு தெரியல", "கை நடுங்குது", "வயசாயிடுச்சு, எழுந்து சின்னப் பசங்களுக்கு இடம் வுடு". அத்தனையும் என் கணக்குல. தோத்தா என் கண்ணு, என் கை, என் வயசு. ஜெயிச்சா மட்டும் சுக்கிரன், சட்டை, எலுமிச்சம்பழம். இது என்ன நியாயம்?

இத்தனைக்கும் தோத்தப்ப அவங்க சொன்னதுல ஒண்ணு சரியான காரணம். கண்ணு! மார்கழியில கண்ணாடிக்கடைக்குப் போனேன். நான் போட்டிருந்தது படிக்கிற கண்ணாடி. தறியில அறுந்த இழையைப் பாக்க அது போதும், முக்கால் கை தூரத்துல இருக்கறது எல்லாம் சுத்தமா தெரியும். ஆனா கேரம் போர்டுல எதிர்ப்பக்கத்துக் குழி கண்ணுல இருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அந்தக் கண்ணாடியைப் போட்டா அந்தக் குழி மேகத்துல இருக்கும், கழட்டினா பக்கத்துல இருக்கற ஸ்டிரைக்கர் மேகத்துல இருக்கும். கடைக்காரர்கிட்ட தூரத்தைச் சொல்லி, போர்டுக்குன்னே நடுத்தர தூரத்துக்கு ஒரு பவர் போட்டு வாங்கினேன். அன்னிக்கு ராத்திரி போர்டைப் பாத்தப்ப காய் ஒவ்வொண்ணுக்கும் ஓரம் தெரிஞ்சுது. அடேங்கப்பா, இவங்க எல்லாரும் இப்படியா பாத்துக்கிட்டு இருந்தாங்க இத்தனை நாளா!

ரெண்டாவது, பல்பு. அது ஒரு பக்கமா தொங்கிக்கிட்டு, காய்க்குப் பக்கத்துல இன்னொரு காய் மாதிரி நிழல் விழும். நானே ஸ்டூல் போட்டு ஏறி நடுவுல கட்டினேன். (அதே ஒயர்லதான் இப்ப எலுமிச்சம்பழம்.) மூணாவது, விரல். இருபது வருசமா ஆள்காட்டி விரலைச் சுண்டி அடிச்சு வந்தவன், நடுவிரலுக்கு மாறினேன். ஸ்டிரைக்கருக்கு அரை இஞ்சு பின்னாடி இருந்து 'டொக்'குன்னு மோதறதை விட்டுட்டு, விரலை அதோட ஒட்ட வச்சு அங்கேருந்தே தள்றது. முதல் ஒரு மாசம் அசிங்கமா இருந்துச்சு. காய் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், ஸ்டிரைக்கர் குழிக்குள்ள போய் விழும்.

நாலாவது, இதுதான் முக்கியம், காலைல அரைமணி நேரம். மன்றத்துச் சாவி என்கிட்டதான் இருக்கு. தறியில உக்கார்றதுக்கு முன்னாடி போய், ஆள் இல்லாம, ஒன்பது வெள்ளைக் காயை மட்டும் வச்சு அடிப்பேன். கட் மட்டும் ஒரு நாள். ரிட்டர்ன் மட்டும் ஒரு நாள். கட்டையோட ஒட்டிக்கிட்டு நிக்கிற காயை எடுக்கறது மட்டும் ஒரு வாரம். பாக்கறவனுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும். பால்காரர் ஒருத்தர் ரெண்டு நாள் நின்னு பாத்துட்டு மூணாம் நாள்ல இருந்து வேற சந்து வழியா போக ஆரம்பிச்சிட்டார்.

ஆக கண்ணாடி, பல்பு, விரல், அரைமணி நேரம். இந்த நாலையும் நான் மன்றத்துல வாய்விட்டே சொன்னேன். கேட்டுட்டு "அதெல்லாம் இருக்கட்டும்ணா, கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல"ன்றானுங்க.

நிற்க. கேரம்னா ஏதோ குருட்டாம்போக்குல காய் விழற ஆட்டம்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சர்வதேச விதிப்படி குழியோட விட்டம் 4.45 செ.மீ. காய் அதிகபட்சம் 3.18. ஆக ஒரு செ.மீ. சொச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கிற இடைவெளி. ஸ்டிரைக்கர் 4.13 செ.மீ., எடை 15 கிராமுக்கு மேல போகக்கூடாது. குழிக்கும் அதுக்கும் வித்தியாசம் மூணு மில்லிமீட்டர்தான், ஆனாலும் வெக்கமே இல்லாம உள்ள போகும், ஃபைன் கட்ட வைக்கும். ஸ்டிரைக்கர் ரெண்டு கோட்டையும் தொட்டுத்தான் இருக்கணும். உக்காந்த எடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ரெட் போட்டா ஃபாலோ போடணும், இல்லன்னா ரெட் திரும்பி நடுவுக்கு வந்துடும். இத்தனை கட்டுக்குள்ள ஒருத்தன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அடிக்கறான்னா அதுக்கு ராசின்னு பேரா?

அதிர்ஷ்டமே இல்லைன்னு நான் சொல்ல வரல. டாஸ் ஜெயிச்சு வெள்ளை எடுத்து முதல்ல அடிக்கறவனுக்கு ஒரு சாதகம் இருக்கத்தான் செய்யுது. காய் கட்டையில பட்டுத் திரும்பி, நெனைக்காத குழியில விழறதும் உண்டு. என் 19-ல ஒரு ரெண்டு ஆட்டம் எதிராளி ஃபாலோவை விட்டதால எனக்கு வந்தது. மீதி 17?

அந்த 17-ல இருந்த சுகத்தைச் சொல்லணும். பங்குனி மாசம் போர்டு காஞ்சு கெடக்கும். போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால தடவினா, ஸ்டிரைக்கர் நாலு பக்கமும் போய்ட்டுத் திரும்ப கைக்கே வரும், வளர்த்த நாய் மாதிரி. அந்த நாள்ல அடிக்கறதுக்கு முன்னாடியே காய் விழுந்த சத்தம் காதுல கேட்டுடும். அடுத்த காயைப் பத்தி யோசிக்கறப்பவே அதுக்கு அடுத்த காய் எங்க நிக்கணும்னு தெரியும். எதிர்ல இருக்கறவன் மொபைலை எடுத்துப் பாக்க ஆரம்பிப்பான். போன மாசம் ஒரு நாள் முதல் அடியில ஆரம்பிச்சு ஒன்பது வெள்ளையும் ரெட்டும் ஒரே மூச்சுல, எதிராளிக்கு ஒரு அடி கூடக் கொடுக்காம. ஒயிட் ஸ்லாம்! இருபத்தஞ்சு வருசத்துல என் முதல் ஸ்லாம். முடிச்சிட்டு கையைப் பாத்தேன். என் கைதான். காலைல ஊடை போட்ட அதே கை, மஞ்சச் சாயம் கூட நகத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

அப்ப பின்னாடி நின்னவன் சொன்னான், "சட்டை வேலை செய்யுதுணா"ன்னு. கொலை விழுந்திருக்கும். ஜஸ்ட் மிஸ்.

சரி, படிச்சவங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாத்தா அங்கயும் இந்தச் சண்டை நடந்திருக்கு. 1985-ல கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கின்னு மூணு பேர், அமெரிக்க கூடைப்பந்து வீரர்களோட ஷாட்டுகளை எடுத்துக் கணக்குப் போட்டாங்க. தொடர்ந்து ரெண்டு மூணு பந்து போட்டவன் அடுத்ததையும் போடறதுக்கு வாய்ப்பு அதிகமா? அதிகம் இல்லை, 'கை சூடாயிடுச்சு'ன்னு நாம நினைக்கறதே மனப்பிரமைன்னு எழுதிட்டாங்க. முப்பது வருசத்துக்கு மேல இதைச் சொல்லிச் சொல்லியே ஆட்டக்காரனை எல்லாம் முட்டாள் ஆக்கினாங்க. 2018-ல மில்லர், சான்ஹுர்ஹோன்னு ரெண்டு பேர் வந்து, ஐயா உங்க கணக்குலயே ஒரு கோணல் இருக்கேன்னு காட்டினாங்க.

கோணல் என்னன்னா, ஒரு காசை மூணு தடவை சுண்டுங்க. தலை விழுந்ததுக்கு அடுத்த சுண்டல்ல மறுபடி தலை விழுந்தது எத்தனை பங்குன்னு குறிச்சுக்கோங்க. இதையே பல தடவை செஞ்சு, ஒவ்வொரு மூணு சுண்டலுக்கும் வந்த பங்கைச் சேத்து சராசரி எடுங்க. பாதி வரும்னுதானே நினைப்பீங்க? வராது. 12-ல் 5 தான் வரும், அதாவது 41 சதவீதம் சொச்சம். (நம்பாதவங்க எட்டு வகையையும் பேப்பர்ல எழுதிப் பாருங்க. முதல் ரெண்டுல தலையே விழாத ரெண்டு வகை கணக்குல வராது, மீதி ஆறு. நான் எழுதிப் பாத்துட்டுத்தான் நம்பினேன்.) உயிர் இல்லாத காசுக்கே இந்த முறையில பாதிக்குக் கீழதான் வருதுன்னா, ஒரு ஆட்டக்காரன் பாதி எடுத்தான்னா அவன் காசை விட மேலே போயிருக்கான்னுதானே அர்த்தம்? பழைய கணக்கை இந்தக் கோணலைச் சரி பண்ணிப் பாத்தப்ப, கை சூடாகறது நிஜம்தான்னு வந்துச்சு. ஃபார்ம்னு ஒண்ணு இருக்கு மக்களே.

நம்ம ஊரு ஆளுங்களையே பாருங்க. மரிய இருதயம், சென்னைக்காரர். 1991-ல உலக சாம்பியன். மறுபடி 1995-ல உலக சாம்பியன். தேசிய சாம்பியன் ஒன்பது தடவை. 1996-ல அர்ஜுனா விருது. ராசி ஒருத்தர் கையில இத்தனை வருசம் வாடகை கொடுக்காம குடி இருக்குமா? வியாசர்பாடி இளவழகி, மீன்பாடி வண்டி ஓட்டினவர் பொண்ணு, 2008-ல பிரான்சுல கான் நகரத்துல உலக சாம்பியன். காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், 17 வயசு, 2024-ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில ஒற்றையர், இரட்டையர், குழுன்னு மூணு தங்கம். அங்க கோச் யாருன்னு பாத்தா நம்ம மரிய இருதயம்! தமிழக அரசு அந்தப் பொண்ணுக்கு 1 கோடி கொடுத்தது. நல்ல விஷயம். எங்க தெருவுல அன்னிக்குப் பேசிக்கிட்டது என்ன தெரியுமா? "அந்தப் பொண்ணு ஜாதகம் அப்டி." நாலு வயசு கொழந்தைக்கு ஒரு போர்டைக் கூட வாங்கித் தராதவன் ஜாதகத்தைப் பேசறான்.

இதைவிடக் கூத்து 2022 ஆகஸ்ட்ல நடந்துச்சு. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. லான் பவுல்ஸ்னு ஒரு விளையாட்டு, அன்னிக்குத்தான் நம்மள்ல பாதிப் பேருக்கு அந்தப் பேரே தெரியும். புல்தரையில பந்தை உருட்டி ஒரு சின்ன வெள்ளைப் பந்துக்கு யாரு கிட்ட கொண்டு போறாங்கன்ற ஆட்டம். கேரம், கோலி எல்லாத்துக்கும் ஒண்ணு விட்ட பெரியம்மா மகன்னு வைங்க. அந்தப் பந்து நேரா போகாது. அதோட வடிவத்தையே ஒரு பக்கம் சாய்ச்சு செஞ்சிருப்பாங்க, வேகம் குறையக் குறைய வளையும். எவ்வளவு வளையும்னு புல்லையும் ஈரத்தையும் பாத்துக் கணிக்கணும். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி. நாலு பேரும் சின்னப் பொண்ணுங்க கிடையாது. ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர், ஒருத்தர் வனத்துறை. அரையிறுதியில நியூசிலாந்தை 16-13, இறுதியில தென்னாப்பிரிக்காவை 17-10. இந்தியாவுக்கு அந்த விளையாட்டுல முதல் தங்கம்.

மறுநாள் டீக்கடையில ஒரே பேச்சு, "குருட்டு அதிர்ஷ்டம்டா." ஆடறது யாருன்னு தெரியாது, ஆட்டம் என்னன்னு தெரியாது, ஆனா அதிர்ஷ்டம்னு மட்டும் தெரியும்! அந்த நாலு பேர்ல 2010 டெல்லி போட்டிக் காலத்துல இருந்தே பந்து உருட்டினவங்க இருந்தாங்க. பன்னெண்டு வருசம். நீங்க பாக்காத பன்னெண்டு வருசத்துக்குப் பேரு அதிர்ஷ்டமா?

இப்ப என் கோபத்தோட வேருக்கு வரேன். இது கேரம் போர்டுல ஆரம்பிச்ச கோபம் இல்ல.

ஆரணியில தறிக்காரன் வீட்டுல பொறந்தவங்களுக்கு 'கைராசி' புது வார்த்தை இல்ல. முகூர்த்த சீசன்ல முதலாளி பாவு கொடுக்கறப்ப சொல்ற வார்த்தை அது. "கூரைப்புடவைடா, உன் கைராசிக்காகத்தான் உன்கிட்ட தரேன்." எங்கப்பாவுக்கு இந்தப் பட்டம் இருபது வருசம் இருந்துச்சு. அவர் நெஞ்ச புடவையில கல்யாணம் ஆனா குடும்பம் செழிக்குமாம். அவர் குழியில காலைத் தொங்கப்போட்டு மிதியை மிதிச்சு மிதிச்சு முட்டி போனது, ஜரிகை அறுந்தா அறுந்த எடம் தெரியாம பிணைக்கறது, கோர்வையில ரெண்டு கலரும் சேர்ற எடத்துல நகம் வச்சுப் பாத்தாலும் பிசிறு இல்லாம இருக்கறது, இதுக்கெல்லாம் சேத்து ஒரே பேரு, ராசி. ராசிக்குக் கூலி ஏத்தித் தர முடியுமா? அது சாமி கொடுத்ததாச்சே! வெத்தல பாக்கு வச்சுக் கொடுத்து, ஒரு கும்பிடு போட்டாப் போதும்.

அதே அப்பா நெஞ்ச புடவையில ஒரு தடவை ஊடை லேசா இறங்கி, வெளிச்சத்துல பிடிச்சா ஒரு கோடு தெரிஞ்சுது. அன்னிக்கு ராசி எங்க போச்சு? "என்னய்யா கை இது, கவனம் எங்க இருக்கு?" கூலியில பிடித்தம். அந்தக் கோடு மட்டும் அப்பாவோட சொந்தக் கோடு. புடவை நல்லா வந்தா கடவுள் நெஞ்சது, கோடு விழுந்தா தறிக்காரன் நெஞ்சது.

புரியுதா, நான் ஏன் ஒரு கேரம் ஆட்டத்துக்கு இவ்வளவு கத்தறேன்னு? அந்த வார்த்தையை அன்பா சொல்றவன் கூட, தெரியாம, முதலாளி பாஷைதான் பேசறான். அப்பாவுக்கு அதைத் திருப்பிச் சொல்ற தைரியம் இல்ல, சொல்லியிருந்தா அடுத்த பாவு வராது. எனக்கும் தறியில உக்காந்துக்கிட்டு இதைப் பேச முடியல. கேரம் போர்டுல முதலாளி இல்ல. அங்க நான் ஜெயிச்சா அது என் ஜெயம்னு சொல்லிக்க ஒரு ஆள் அனுமதி வேண்டாம். அந்த ஒரு எடத்தையும் சட்டைக்கும் சுக்கிரனுக்கும் எழுதிக் கொடுக்கணுமா?

இன்னொரு கோஷ்டியும் கிளம்பியிருக்கு, சொல்லிடறேன். "ராசி ஓடறப்பவே நாலு காசு பாக்கணும்ணா, ஆட்டத்துக்கு ஐநூறு கட்டலாம், நான் போடறேன்"ன்னு வர்றவங்க. நம்ம மன்றத்துல டீ பந்தயத்தைத் தாண்டிப் போனதில்ல, போகவும் வேண்டாம். காசு வச்ச அன்னிக்கு எதிர்ல உக்கார்ற பையன் சிரிக்கறதை நிறுத்திடுவான். அவன் சிரிச்சாத்தான் எனக்கு ஆட்டம்.

"சரிணா, ஃபார்ம் போயிட்டா?"ன்னு கேக்கறீங்க. போகும். மழைக்காலம் வந்தா போர்டு ஈரம் இழுத்துக்கிட்டு மந்தமாயிடும், என் அடி எல்லாம் குழிக்கு முன்னாடி நின்னுடும். கண்ணாடி பவர் மாறும். அந்த பைக் மெக்கானிக் தம்பி இப்பவே ரிட்டர்ன் பழக ஆரம்பிச்சிருக்கான், சாவி வேணும்னு காலைல கதவைத் தட்டறான். ஆறு மாசத்துல என்னை உக்கார வச்சு அடிப்பான் பாருங்க. அடிச்சா அன்னிக்கு நான் அவன்கிட்ட "கைராசிடா தம்பி"ன்னு சொல்ல மாட்டேன். எந்த விரல்ல அடிச்சே, கட்டையில எங்க படவிட்டேன்னு கேப்பேன்.

அதுவரைக்கும் ஊதாச் சட்டையை நாளைக்குத் துவைக்கப் போடறேன். அந்த எலுமிச்சம்பழத்தைக் கட்டினவர் யாரா இருந்தாலும் தயவு செஞ்சு இன்னிக்கே அவிழ்த்துடுங்க. அழுகிப்போய் சாறு நேரா ரெட் மேல சொட்டுது, பவுடர் எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு.